நான் வெட்டிப்போட்ட குரல்

1981-ஆம் ஆண்டு. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பக்கத்திலேயே ஒரு மிளகுக் கிடங்கில் வேலை. காலையில் போனால், மத்தியானம் சாப்பிட மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம்தான் திரும்புவார்.

பக்கத்து மாநிலம்தானே என்று கோவில்பட்டியில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லி அனுப்பி வைத்தார்கள். எனக்கோ கப்பலேறி வந்த மாதிரி இருந்தது. கடைப் பலகையைப் படிக்கத் தெரியாது. பஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. யாராவது வேகமாகப் பேசினால் புரிந்ததுபோல் சிரித்து வைப்பேன். முதல் ஆறு மாதம் பகல் முழுவதும் வாய் திறக்காமலே கழிந்தது.

கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்றுதான் கைவேலையை ஆரம்பித்தேன். கிடங்கில் கிழிந்துபோன சாக்குகளை என் கணவர் கேட்டு வாங்கி வருவார். அவற்றைத் துவைத்துக் காயவைத்து, சணல் நூலைத் தனித்தனியாகப் பிரித்து, பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த முடிச்சுகளை ஞாபகப்படுத்திப் பூந்தொட்டி தொங்கவிடும் பின்னல், சின்னப் பைகள், மிதியடி என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். எத்தனை துவைத்தாலும் மிளகு வாசனை போகாது. தும்மிக்கொண்டேதான் பின்னுவேன்.

சந்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் இரண்டு மணியானால் நாலைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். 'இங்கே பிடி', 'இறுக்கு', 'அவிழ்த்துவிடு' என்று நான் பேசிப் பழகிய முதல் மலையாளம் எல்லாம் முடிச்சு சம்பந்தப்பட்டதுதான்.

அவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர், இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். எல்லோரையும்போல் நானும் 'இத்தா', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அம்மா வீடு பாலக்காட்டுப் பக்கம்; தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அந்த ஊரில் என்னோடு தமிழில் பேசிய முதல் மனுஷி அவர்தான். அவருடைய கணவர் கல்ஃபில் கட்டட வேலைக்குப் போனவர். போன மூன்றாம் மாதம் இங்கே பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்காமலேயே அங்கே வேலையிடத்து விபத்தில் அவர் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இதெல்லாம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துக்க நாட்கள் முடிந்தபின் இத்தா முதல் முதலாக வந்து உட்கார்ந்தது என் வீட்டில்தான். அதிகம் பேச மாட்டார். எனக்கு நூல் சுற்றித் தந்துகொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில் நான் சணலில் பொம்மை செய்ய ஆரம்பித்திருந்தேன். ஜூ டவுனில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொருள் விற்கும் ஒரு கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் சணலிலேயே தலைமுடியும் வைத்தால் வெள்ளைக்காரப் பொம்மை மாதிரி இருக்கிறது, நம் ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், கறுப்பு முடி வை என்றார். கறுப்பு நூல் வைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

அப்போதுதான் இத்தாவின் நாத்தனார் ஒரு மூட்டை பழைய துணியைக் கொண்டுவந்து தந்தார். பெட்டியை ஒழித்ததாகவும், பொம்மைக்கு உதவும் என்றும் சொன்னார். பிரித்தேன். நடுவில் ஒரு கைக்குட்டை மடிப்புக்குள் ஒரு காசெட் இருந்தது. மேலே மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. சினிமாப் பாட்டாக இருக்கும், கெட்டுப்போய்த் தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்டுப்போன பொருளை யாராவது கைக்குட்டையில் சுற்றி வைப்பார்களா? அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பளபளவென்று இருந்த அந்த நாடாதான். உருவிப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்து வாரிய கூந்தல் மாதிரியே இருந்தது. முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, மூன்று பொம்மைகளின் தலையில் வரிசையாகத் தைத்தேன். பாதி நாடாதான் செலவானது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து, காலையில் இத்தா வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அந்தத் துணிக்கெட்டில ஒரு காசெட்டு உண்டாயிருந்துதா?" என்று கேட்டார்.

ஏன், என்ன என்று நான் கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் எல்லாம் புரிந்துபோயிற்று. "இல்லியே இத்தா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவரிடம் காசெட்டை எடுத்துக் காட்டினேன். அவர் ஓரளவு மலையாளம் படிப்பார். 'மோளுக்கு, வாப்பா' என்று எழுதியிருக்கிறது என்றார். மகளுக்கு அப்பா அனுப்பியது. அந்தக் காலத்தில் கல்ஃபுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் காசெட்டில் பேசி, ஊருக்கு வரும் நண்பர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்துமா செய்தாய் என்று என் கணவர் கேட்கவில்லை. எதிரே இருந்த சோற்றை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

அப்படியே எழுந்து ஜூ டவுனுக்கு ஓடினேன். கடையில் இரண்டு பொம்மைகள் இருந்தன. மூன்றாவதை முந்தின நாள் ஒரு வெளிநாட்டுப் பெண் வாங்கிப் போய்விட்டாள். எங்கே தங்கியிருக்கிறாள், எந்த ஊர்க்காரி என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. படகுத் துறைவரை போய்ப் பார்த்தேன். யாரை என்று தேடுவது?

இரண்டு பொம்மைகளையும் மிச்ச நாடா இருந்த காசெட்டையும் எடுத்துக்கொண்டு இத்தா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு பொம்மையை மடியில் வைத்து அதன் தலையைத் தொட்டுப் பார்த்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காலையில கேட்டப்போ இல்லைன்னு ஏன் சொன்னே?"

நாடாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயந்துவிட்டேன் என்றேன்.

"பயந்தா என்கிட்ட சொல்லணும். எனக்கு இங்க வேற யாரு உண்டு?" என்றார். பிறகு, இப்போது போ என்பதுபோல் கையைக் காட்டினார். பொம்மைகளையும் காசெட்டையும் என் பக்கமாகவே நகர்த்தி வைத்தார். அவற்றைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, பஜார் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு சேட்டனிடம் போனேன். பொம்மைத் தலையைப் பார்த்ததும் அவர் முதலில் சிரித்தார். விஷயத்தைக் கேட்டபின் சிரிப்பு நின்றுவிட்டது. எண்பது துண்டு வரை இருக்கும், இத்தனையையும் ஒட்ட எனக்கு நேரம் கிடையாது என்றார். ஆனால் ஒட்ட முடியும் என்று சொன்னார். ஒரு முழத்துக்குப் பத்து செகண்டு பேச்சு இருக்குமாம். முனைகளைச் சாய்வாக வெட்ட வேண்டும், இடைவெளி இல்லாமல் சேர்க்க வேண்டும், பளபளப்பான பக்கத்தில் மட்டும் மெல்லிய டேப்பை ஒட்ட வேண்டும், மங்கலான பக்கத்தைக் கையால் தொடவே கூடாது என்று செய்து காட்டினார்.

"சேச்சிக்குக் கைவேலை தெரியுமல்லே? அப்ப இது சேச்சியோட வேலைதான்" என்று ஒரு சுருள் டேப்பையும் புது பிளேடையும் கையில் கொடுத்தார்.

வரிசைதான் பெரிய பிரச்சினை. எந்தத் துண்டுக்குப் பின் எது என்று எப்படித் தெரியும்? துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தலை எது, கால் எது என்றும் தெரியவில்லை. தலைகீழாக ஒட்டினால் அந்தத் துண்டில் உள்ள பேச்சு காசெட்டின் மறுபக்கத்தில் கேட்கும் என்று சேட்டன் சொல்லியிருந்தார். வந்தது வரட்டும் என்று தையலைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தேன். மடித்த இடத்தில் சுருக்கம். ஊசி போன இடத்தில் ஓட்டை. மத்தியானம் பெண்கள் யாரும் வரவில்லை. விஷயம் சந்து முழுக்கத் தெரிந்திருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் இத்தா. எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து, கைக்குட்டையை மேலே வைத்து, மடிப்பு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல நீவிவிட்டு என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி ஒட்டினேன். அடுத்ததை எடுத்தார். சாயங்காலம் வரை இப்படியே போயிற்று. மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் குழந்தையையும் தூக்கி வந்தார்.

எல்லாம் ஒட்டி முடித்தபோது எழுபத்துமூன்று துண்டுகள். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி நாடாவைக் காசெட்டுக்குள் ஏற்றினோம். இத்தா தன் வீட்டிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து வந்தார். கணவர் இறந்த செய்தி வந்ததிலிருந்து அதைப் போடவே இல்லையாம். முன்பு தினமும் கேட்ட காசெட்டைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாராம். பெட்டி ஒழிக்கும்போது நாத்தனாருக்கு அது தெரியவில்லை.

பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை. அவரே அழுத்தினார்.

முதல் பாதி நன்றாகவே இருந்தது. கனமான குரல், நடுவில் இருமல். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அந்த ஊர் வெயிலைப் பற்றி, அறையில் கூட இருப்பவர்களைப் பற்றி எல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், நாங்கள் ஒட்டிய இடம் வந்துவிட்டது. மோளே, வாப்பா வரும்போது என்று தொடங்கியவர், டிக், மழைக்கு முன்னே ஓடு மாற்றணும் என்றார். டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. டிக். இரண்டு சிவப்பு உடுப்பு, டிக், உம்மாவுக்கு முட்டுவலிக்கு எண்ணெய், டிக், பல்லு வந்தோ என்று கேட்டார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அப்போது இத்தா சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"உயிரோட உள்ளப்பவும் இப்படித்தான். ஒரு காரியத்தையும் வரிசையா சொல்லத் தெரியாது" என்றார்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முகத்தைத் துணியில் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். கணவருக்காக அவர் சத்தமாக அழுதது அன்றைக்குத்தான் என்று பிறகு அவருடைய நாத்தனார் சொன்னார். குழந்தை மட்டும் ரெக்கார்டருக்குப் பின்னால் தவழ்ந்து போய், யார் பேசுவது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

காசெட்டைத் திருப்பிப் போட்டோம். தலைகீழாக ஒட்டிவிட்ட துண்டுகளின் பேச்சு அந்தப் பக்கத்தில் இருந்தது. முடிந்ததும், மூன்றாவது பொம்மையோடு போன துண்டுகளைப் பற்றி நான் பேச்செடுத்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"போனது என்னன்னு எனக்குத் தெரியும். எல்லாம் மனப்பாடம். அதை மோளுக்கு நான் சொல்லிக்குடுக்கறேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு இத்தா என் வீட்டில் நூல் சுற்ற உட்கார்ந்தார். அவர் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் அவரே பேச்சை மாற்றிவிடுவார். மலையாள எழுத்தும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டே மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன்.

இன்னும் நாலு வருடம் அங்கே இருந்துவிட்டு, என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்து வந்துவிட்டோம். இப்போதும் நான் கைவேலை செய்கிறேன். பழைய பொருள் எது கிடைத்தாலும் தொடுவதற்கு முன், இது யாருடையது, வேண்டாம் என்றுதான் கொடுத்தீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிடுவேன். கேட்காமல் வெட்டியது என் அறியாமை; அதை ஒட்ட முடிந்தது. ஆனால் வாசலில் நின்று அவர் கேட்டபோது 'இல்லை' என்று சொன்னேனே, அந்த ஒரு சொல்லை ஒட்டிச் சேர்க்க எந்த வழியும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்ணின் மனசுதான், இன்றுவரை யாரிடமும் பொய் சொல்ல என் நாக்கு எழாமல் தடுக்கிறது.