கராச்சர்மாவில் ஓடாத ரயில்

மெயின்லேண்டிலிருந்து வந்த அந்த அட்டைப்பெட்டியைத் திறந்த நாளிலிருந்து எனக்குத் தலைவலிதான். சுனாமிக்கு அடுத்த வருடம். போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் ஒரு சின்ன பால்வாடியில் டீச்சராக இருந்தேன். விளையாட்டு வழியே கற்றல் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே ஒரு ரயில். அட்டையில் வெட்டிய இன்ஜின் முகப்பு, கழுத்தில் மாட்டிக்கொள்ள எண்கள், ஒரு விசில், ஒரு பச்சைக் கொடி. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூ கூ என்று ஓட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் தானாக மண்டையில் ஏறிவிடுமாம்.

அந்தமானில் தண்டவாளமே கிடையாது என்று அனுப்பிய புண்ணியவானுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒன்றுகூட ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. வங்காளி வீடோ தெலுங்கு வீடோ தமிழ் வீடோ, அவர்களுக்குத் தெரிந்த நீண்ட பயணம் கப்பல் பயணம்தான்.

முதலில் விளக்கிப் பார்த்தேன். நீளமாக இருக்கும், ஜன்னல் இருக்கும், நிறைய பேர் போகலாம் என்றேன். உள்ளே படுக்கை உண்டா என்று கேட்டார்கள். உண்டு. சாப்பாடு? உண்டு. கக்கூஸ்? அதுவும் உண்டு.

"தோ ஷிப் ஹீ ஹை, டீச்சர்," என்று முடித்துவிட்டான் இன்ஜினாக நின்ற பையன். அப்படியானால் அது கப்பல்தானாம்.

கொடியை அசைத்தேன். ரயில் நகரவில்லை. "ரஸ்ஸி கோலோ!" என்றான். ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், கட்டிய கயிற்றை நான் அவிழ்க்க வேண்டுமாம். எரிச்சலோடு குனிந்து இல்லாத கயிற்றை அவிழ்த்தேன். ரயில் நகர்ந்தது, இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு. நடுவில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள், பின்னால் நின்றவள் வாந்தி எடுக்க பாலித்தீன் பை நீட்டினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள் அதுவும் இல்லை. "மௌசம் கராப். ஷிப் கேன்சல்!" என்று இன்ஜின் அறிவித்துவிட்டது. வானிலை சரியில்லையாம். அத்தனை பேரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜெட்டியில் காத்திருக்கப் பரம சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார்கள். காத்திருப்பதுதான் அவர்களுக்கு விளையாட்டிலேயே பிடித்த பகுதி. எண்ணுவதாவது, படிப்பதாவது. பெற்றவர்கள் எப்படித்தான் இதுகளை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று இருந்தது.

இந்தக் கூத்தில் சேராமல் சுவரோரம் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். ஐந்து வயது. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அலை வந்த பிறகு வீட்டில் மிஞ்சிய அவளும் அம்மாவும் மட்டும் நிவாரணக் கப்பலில் போர்ட் பிளேருக்கு வந்தார்கள். இங்கே பிள்ளைகள் கயிறு அவிழ்க்க ஆரம்பித்தாலே முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிடுவாள். பந்து, பொம்மை, எதைக் கொடுத்தும் அசையவில்லை.

மேற்பார்வைக்கு வரும் மேடம் முந்தின முறையே சொல்லியிருந்தார்: "அடுத்த தடவையும் இது இப்படியே உட்கார்ந்திருந்தா வீட்டுக்கு அனுப்பிடுங்க. இடத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைங்க நிறைய." வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். தினமும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர். இவள வச்சிக்கிட்டு வேலைக்குப் போவ ஏலாது." எனக்கு அவள் மேல் இரக்கம், மேடம் மேல் கோபம், அந்த ரயில் மேல் இரண்டையும் மிஞ்சின வெறுப்பு.

மேடம் மறுபடி வந்த நாளில், அவர் செருப்பைக் கழற்றி உள்ளே வரவும் இன்ஜின் தொண்டையைத் திறந்தது. "ஷிப் கேன்சல்!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "டேய், இது ரயில்டா! ரயில் கடல்ல போகாது! ஜமீன் பே சல்தா ஹை! மழை வந்தாலும் போகும், காத்தடிச்சாலும் போகும், தரையிலயே போகும்! தண்ணியே கிடையாது!"

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்போது யாரோ என் சேலையை இழுத்தார்கள். குனிந்தால், அவள். சுவரை விட்டு எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

"டீச்சர், இது கடலுக்குப் போவாதா?"

"போகாது."

"கொஞ்சங்கூடவா?"

"ஒரு சொட்டுத் தண்ணி கிடையாதும்மா."

யோசித்தாள். "கச்சாலுக்குப் போவுமா?"

போகும் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை, சொந்த ஊரைக் கேட்கிறது. இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் கடல் இல்லை என்று இப்போதுதான் ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கிறேன். இந்த வால்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கின்றன, பொய் சொன்னால் என்னை விடுவார்களா? அந்தப் பெட்டியை அனுப்பியவனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

"போகாதும்மா," என்றேன். "நடுவுல கடல் இருக்குல்ல. இந்த ரயில் அங்க போகவே போகாது."

அவள் சுவருக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"அப்ப நான் ஏறுறேன்," என்று சொல்லிவிட்டு, கடைசியில் நின்ற பையனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.