அட்டையில் இல்லாத என் முகம்

மெர்சி மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது இரும்புலியூர் நெரிசலில், பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்தது துக்கம்கூட இல்லை. ‘ஐயோ, இனி நிலாவை யார் பார்த்துக்கொள்வது?’ என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அவர் எங்கள் பள்ளியின் சிறப்பு ஆசிரியர். நிலா என் மூன்றாம் வகுப்பில் படிக்கும், ஆட்டிசம் உள்ள சிறுமி. அவளுக்கு மிஸ் ஓர் அட்டை செய்து கொடுத்திருந்தார். அன்று தன்னோடு உட்காரப் போகிறவரின் புகைப்படத்தை நிலா காலையில் மேல் வரிசையில் ஒட்டுவாள். வராதவர் கீழே, வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில். யார் வருவார்கள் என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு நிம்மதி.

ஆண்டு விழா ஒத்திகைக்காக ஒருநாள் அவளிடம் சொல்லாமலே அவள் இடத்தை மாற்றிவிட்டேன். மேசைக்கடியில் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். “மிஸ், உங்க பொண்ணு ஒரே ரகளை, வந்து கூட்டிட்டுப் போங்க” என்று கூப்பிட்டேன். மிஸ் வந்து தரையில் உட்கார்ந்தார். அவள் அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என் பொண்ணா? உங்க கிளாஸ் பொண்ணு மிஸ். நல்லதோ கெட்டதோ, முன்னாடியே சொல்லிட்டா அவ தாங்கிக்குவா. சொல்லாம எதையும் பண்ணாதீங்க.”

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கறாரான தொனி தெரியும். எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. வகுப்பு முழுவதையும் கட்டி மேய்ப்பவள் நான், இவர் என்ன பாடம் எடுப்பது!

அடக்கம் முடிந்து பள்ளிக்கு வந்த அன்று, மிஸ் படத்தை நானே கீழே ஒட்டினேன். “வீட்டுல இருக்காங்க” என்றேன். “நாளைக்கு?” என்று கேட்டாள். “ம்” என்றேன். அந்த வாரம் முழுக்க அதே கேள்வி, அதே ‘ம்’. வெள்ளிக்கிழமை காலை வாட்ச்மேன் அண்ணா ஓடி வந்தார்.

“டீச்சர், பாப்பா கேட்டாண்டயே நிக்குது. உள்ள வர மாட்டேங்குது. இன்னான்னு பாருங்க.”

அட்டையில் மெர்சி மிஸ்ஸை மேலே ஒட்டிக்கொண்டு, கேட் அருகே சாலையைப் பார்த்தபடி நின்றாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

“மெர்சி மிஸ் இறந்துட்டாங்க, நிலா. இனிமே வரவே மாட்டாங்க. நான் பொய் சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அட்டையைப் பார்த்து, “இன்னிக்கு யாரு?” என்றாள்.

“நான்.”

அட்டையின் பின்பக்கப் பையைத் துழாவி ஒரு படத்தை எடுத்தாள். என் படம். மிஸ் எப்போதோ செய்து போட்டு வைத்திருக்கிறார். இத்தனை நாளில் ஒருமுறைகூட அது வெளியே வரவில்லை, அவளோடு நான் உட்கார்ந்ததே இல்லை.

மிஸ், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திட்டு ஒன்றைத்தான். ‘உங்க கிளாஸ் பொண்ணு.’ நீங்கள் போன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.