எங்கள் ஹாம்ஸ்டரைச் சாப்பிட வைத்த ஏற்காடு பஸ்

போன மே மாதம் நாங்கள் ஏற்காடு போனது படகு விடவோ பூ பார்க்கவோ இல்லை. எலிக்கு வயிறு சரியில்லை என்று போனோம். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

மிளகு எங்கள் ஹாம்ஸ்டர். உள்ளங்கைக்குள் அடங்கும், வளை தோண்டி வாழும் எலி இனம். எங்கள் வீடோ சேலத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி கிடையாது. வெயில் முப்பத்தொன்பது டிகிரியைத் தொட்டதும் மிளகு தீனியை நிறுத்திவிட்டது. கால்நடை மருத்துவர் தூக்கிப் பார்த்தார்.

"தின்னது செரிக்கறப்ப உடம்புல சூடு கூடுமுங்க. ஏற்கெனவே வேகுது, அதான் திங்காம கெடக்குது. குளுமையான எடத்துக்குக் கொண்டு போங்க. தின்னா மட்டும் பத்தாதுங்க, புழுக்கை போடோணும். அப்பத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இப்படியே உட்டா பொழைக்காதுங்க."

"எலிக்கு ஏற்காடு! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஷாயத்தோட நிறுத்திட்டியே" என்றார் என் கணவர். ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு முதலில் படியிறங்கியவர் அவர்தான்.

காலை ஆறரைக்கு பஸ். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல என்னங்க?"

"எலிங்க. சாப்பிட மாட்டேங்குது."

"எங்கூட்டுல நொம்ப எலி இருக்குதுங்க. ஒண்ணுகூடப் பட்டினி கெடக்கலீங்களே!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் இருபது. பாதி மலை ஏறியும் மிளகு அசையவில்லை. அதற்கும் மேலே போனதும் சன்னலில் ஜில்லென்று காற்று அடித்தது. கூடைக்குள் 'கறுக்' என்று ஒரு சத்தம். சூரியகாந்தி விதை! மறுபடியும் கறுக், கறுக்.

"திங்குது! திங்குது!" என்று என் கணவர் கத்திய கத்தலில் கண்டக்டர் ஓடிவந்து குனிந்தார். இனிப் புழுக்கையும் போட்டால்தான் பிழைக்கும் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் ஒப்பித்தார் என் கணவர். பின் சீட்டில், மலைமேல் கரடியூருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா பொட்டலத்தைப் பிரித்து, "இந்தா கண்ணு, பொட்டுக்கடலையும் வெச்சுப் பாரு" என்றார். அதையும் தின்றது.

ஏற்காட்டில் இறங்கி, பக்கத்து ஊரான மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப்பில் போய், காப்பி எஸ்டேட்டை ஒட்டிய அறை எடுத்தோம். மறுநாள் காலை கூடையைத் திறந்தால் கறுப்பு கறுப்பாகப் புழுக்கை! என் வாழ்நாளில் எந்தக் காட்சிமுனையிலும் நான் அப்படிக் குதித்ததில்லை. கணவர் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அத்தைக்கு இன்னும் கோபம்.

செல்ல எலியோடு மலையேறுபவர்களுக்கு: முதல் பஸ்ஸில் போங்கள், கூடையை வெயில் படாத பக்கம் வையுங்கள். ராத்திரியில் துணி போர்த்துங்கள். லேசான குளிரில் எலி கூடுதலாகத் தின்னும், கடுங்குளிரில் சுருண்டு மயங்கிவிடும், குடலும் ஓடாது. திரும்பி வந்ததும் ஒரு மண்பானையைப் படுக்க வைத்து உள்ளே மண் நிரப்புங்கள், வெளியே ஈரத்துணி சுற்றுங்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வெயில் காலத்தில் அது குளிர்ந்த வளையாகவும் இருக்க வேண்டும். மிளகு இப்போது அதற்குள் உட்கார்ந்துதான் தின்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஊர் திரும்ப பஸ் ஏறினால் அதே கண்டக்டர். டிக்கெட் கிழிக்குமுன் கூடையைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, வெளிய போச்சுங்களா?"

"போச்சுங்க!" என்றார் என் கணவர், பஸ் முழுக்கக் கேட்கும்படி.