கன்செப்டா டீச்சர் காத்திருந்த விதம்

கன்செப்டா டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த வகுப்பறை, பள்ளியைக் கதகதப்பாக்கும் கொதிகலன் அறை. வேறு இடம் கிடையாது. அயர்லாந்தின் மேயோ கடற்கரையில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் சின்னப் பள்ளி அது. அங்கே நான் குமாஸ்தா. போன் எடுப்பது, டீ போடுவது, தலைமையாசிரியரான மாஸ்டரின் கோபத்தைத் தாங்கிக்கொள்வது, இந்த மூன்றும் என் வேலை.

"கொதிகலன் பக்கத்துல குளிராது. வாடகையும் கேக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

"பிள்ளைங்க வேக ஆரம்பிச்சா சொல்லி அனுப்புறேன்" என்றார் கன்செப்டா, மேசையை நகர்த்திக்கொண்டே.

ரிசோர்ஸ் டீச்சர் என்று அவருக்குப் பெயர். எழுத்துக் கூட்ட முடியாமல் வகுப்பில் திணறும் பிள்ளைகளைத் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்கு பள்ளிகளுக்கு அவர் ஒருவர்தான். எழுத்து அட்டைகளும் விரலால் எழுதிப் பழகும் மணல் தட்டும் வண்டி டிக்கியில் கிடக்கும். மழையில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிக்கொண்டே ரொட்டியைத் தின்றுவிடுவார். டவுன் பள்ளியில் நிரந்தர வேலையில் இருந்தவர், அங்கேயே இருந்திருந்தால் தலைமையாசிரியர் ஆகியிருப்பார். நல்ல இடத்தை விட்டுவிட்டு ஏன் இந்த அலைச்சல் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க அண்ணன் ஒருத்தன் இருந்தான், டீலியா. படிப்பு ஏறலைன்னு அந்தக் கால மாஸ்டர் அவனை அடுப்புல எரிக்கிற மண்கட்டி சுமக்க அனுப்பிடுவாரு. பள்ளிக்கூடம் முழுக்க அவனால கதகதப்பா இருந்துச்சு. அப்புறம் இங்கிலாந்துக்கு ரோடு போடப் போனான். ஸ்டேஷன் பேரு படிக்கத் தெரியாது. எத்தனையாவது ஸ்டேஷன்னு எண்ணிக்கிட்டே இறங்குவான். ரயில் ஒரு இடத்துல நிக்காம போயிட்டா அன்னைக்கு ராத்திரி பூரா தெருவுலதான்."



அவர் பாடம் சொல்லும் விதம் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிள்ளை ஒரு வார்த்தையில் சிக்கிக்கொண்டால் எடுத்துக்கொடுக்க மாட்டார். பிள்ளையைப் பார்க்கவும் மாட்டார். தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் டீயோடு போய் நின்றால் டீ ஆறிப்போகும்.

"சொல்லித் தொலைச்சாதான் என்ன?" என்று பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"நாம பாக்குறதே அதுங்களுக்குப் பாரம். பார்வையை எடுத்துட்டா அதுங்களே கண்டுபிடிச்சிடும்."

பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். இந்த அம்மாவுக்குக் கிடைத்தது கொதிகலன் அறை என்று நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் படித்தவர்களில் கடைசி வகுப்பு ஓர்லா பாடன் ஒருத்தி. பெரிய பெரிய வார்த்தைகளை எப்படியோ பிடித்துவிடுவாள். சின்ன வார்த்தைகள்தான் அவளுக்கு வழுக்கும். அந்தப் பிப்ரவரியில் அவளுடைய அம்மா புற்றுநோயில் இறந்துபோனாள்.

இழவு வீட்டுக்கு நானும் கன்செப்டாவும் ஒரே வண்டியில் போனோம். முன்னறையில் சவப்பெட்டி, முற்றத்தில் மழையில் ஆண்கள், அடுக்களையில் மலைபோல் சாண்ட்விச். ஓர்லாவின் அப்பா மேட்டி வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். டப்ளினிலிருந்து வந்திருந்த அவளுடைய பெரியம்மா நோரீன் எங்களை அடுக்களையில் மடக்கினாள்.

"நாளைக்கு அடக்கப் பூசையில தான்தான் பைபிள் வாசகம் படிப்பேன்னு அடம் பிடிக்கிறா, டீச்சர். அத்தனை பேருக்கு முன்னால நின்னு திக்கினா தாங்குமா அவளுக்கு? காணிக்கை கொண்டுபோறவங்களோட அம்மா படத்தை எடுத்துக்கிட்டுப் போகட்டும். படிக்கிறதை நான் பாத்துக்கிறேன். நீங்க சொன்னா கேப்பா."

அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அங்கே வந்திருந்த மாஸ்டரும் அதையேதான் சொன்னார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

"அவகிட்ட பேசிட்டு வரேன்" என்றார் கன்செப்டா.

வீட்டில் உட்கார இடமில்லை. ஓர்லாவை அழைத்துக்கொண்டு போய் வண்டிக்குள் உட்கார்ந்தோம். நான் பின் சீட்டில்.

"பெரியம்மா படிக்கட்டுமே, ஓர்லா?" என்றார் கன்செப்டா.

"பெரியம்மா எப்பவாச்சும்தான் வருவாங்க. எங்க வீட்டு ஆள்தான் படிக்கணும், மிஸ்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பாவுக்குப் படிக்க வராது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எல்லாத்தையும் அம்மாதான் படிச்சுக் காட்டுவாங்க."

மேட்டியைச் சின்ன வயதிலிருந்து தெரியும். பள்ளியில் எந்தத் தாளை நீட்டினாலும், 'கண்ணாடியை மறந்துட்டேன், நீயே வாசிச்சுடு டீலியா' என்பார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மனப்பாடம் பண்ணிக்கவா? புத்தகத்தைப் பாக்குற மாதிரி நின்னுக்கிறேன்" என்றாள் ஓர்லா.

"பண்ணிக்கலாம். ஆனா அழுகை வந்தா மனப்பாடம் ஓடிப்போயிடும். பக்கம் ஓடாது, அங்கேயே இருக்கும்."

"நடுவுல நின்னுட்டா?"

"நின்னுக்கோ. நான் எதிர்லதான் இருப்பேன்."

"எடுத்துக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"தெரியும்" என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தாள். வண்டிக் கண்ணாடியிலெல்லாம் ஆவி படியும்வரை இருவரும் படித்தார்கள். பிறகு கன்செப்டா உள்ளே போய் நோரீனிடம், "அவ படிப்பா" என்று மட்டும் சொன்னார். நோரீனின் முகம் கடுத்தது.

மறுநாள் கோவிலில் நிற்கக்கூட இடமில்லை. ஓர்லா மேடையேறினாள். தொடக்கம் நன்றாகத்தான் போயிற்று. மெதுவாக, விரலை வைத்துக்கொண்டு படித்தாள். பெரிய பெயர்களையெல்லாம் தாண்டிவிட்டாள். பாதி தாண்டியதும் நின்றாள். ஏதோ சின்ன வார்த்தை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணீர் வழிந்தது.

கோவிலே அவளைப் பார்த்தது. யாரோ இருமினார்கள். எதிர் வரிசையில் மாஸ்டரின் வாய் அந்த வார்த்தையைச் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் நோரீன் பாதி எழுந்துவிட்டாள். ஓர்லா நிமிர்ந்து எங்கள் பக்கம் தேடினாள்.

கன்செப்டா தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

அவர் பக்கத்தில் இருந்த நான் என் தலையையும் குனிந்துகொண்டேன். பின் வரிசையில் இருந்த பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் கொதிகலன் அறையில் படித்தவர்கள். அவர்களும் குனிந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்களும் குனிந்தார்கள், ஜெபம் என்று நினைத்தார்களோ என்னவோ. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். மேட்டி கையை நீட்டி நோரீனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானும் தலை குனிந்தார். அந்தப் பெண்ணை ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டு, அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்தபின் நோரீன் எங்களிடம் வந்தாள். "நான் எழுந்திருக்கக் கூடாதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கூட்டம் கலைந்தது. மேட்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கன்செப்டாவின் முன்னால் வந்து நின்றார்.

"எங்க காலத்துல யாராச்சும் திக்கினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, டீச்சர்" என்றார்.

பிறகு, "நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாயிலேயே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

கன்செப்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

"பிள்ளைங்க வீட்டுக்குப் போனதுக்கப்புறம்..." என்றார் மேட்டி. "அந்தக் கொதிகலன் ரூமுக்கு நான் வரலாமா?"