கலைக்கூடத்தில் முனியாண்டி

கார்த்திகேசு பயந்த மனிதர். ஆயர் தாவாரில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வாலிபத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. மின்தூக்கிக்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம், மனைவி விமலாவுக்கு இரண்டையும்விடப் பயம். ஆனால் முனியாண்டிக்கு அவர் பயந்த பயம் வேறு. அதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தின் எல்லையில் அந்த முனி இருந்தது. மஞ்சள் பூசிய கல், பக்கத்தில் ஆள் உயரச் சூலம். அதன் முன்னால் யாரும் செருப்புக் காலோடு நிற்க மாட்டார்கள். சூலத்தின் முனைகளில் எப்போதும் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். பழமில்லாத சூலத்துக்கு எதிரே நிற்கிறவரை முனி சும்மா விடாது என்று தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் முன்பே கேட்டு வளர்ந்தார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். கல்லும் சூலமும் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அது இருக்குமிடத்தை அவருடைய மகள்தான் கண்டுபிடித்தாள். கோலாலம்பூரில் பெரிய கலைக்கூடம் ஒன்றில் தினேஸ்வரிக்குக் காவல் வேலை கிடைத்திருந்தது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

“அப்பா, நம்ம முனியாண்டி இங்கதான் இருக்கு லா. செவுத்துல தோட்டத்துப் பேரே போட்டிருக்கு” என்றாள் போனில்.

யாரோ ஓர் ஓவியர் பழைய தோட்டத்துச் சாமான்களைச் சேர்த்து ஓர் அறை முழுக்கக் காட்சியாக வைத்திருந்தார். பால் வாளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, வெட்டுக்கத்தி, நடுவில் முனியாண்டி. அந்த அறைக்குத்தான் அவள் காவல்.

“சூலத்துல பழம் குத்தியிருக்கா?”

“இல்லப்பா. இங்க பழம், பூ ஒன்னும் வைக்கக் கூடாது. பூச்சி வந்துரும்னு சொல்றாங்க.”

போன வாரம்தான் பிள்ளை காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தாள். ஊரெல்லாம் காய்ச்சல்தானே என்றாள் விமலா. கார்த்திகேசு காதில் அது ஏறவில்லை. வெறும் சூலத்துக்கு எதிரே, சப்பாத்துக் காலோடு, காலை முதல் மாலை வரை தன் மகள் நிற்பதைத் தவிர வேறெதையும் அவரால் நினைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தார். வருவதாக மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். கால்சட்டைப் பையில் மூன்று எலுமிச்சம்பழம் இருந்தது.

கலைக்கூடத்தில் மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறினார். பெரிய பெரிய ஓவியங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டு அந்த அறை வாசலுக்கு வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

முனிதான். அதே கல். மஞ்சள் உதிர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் மொட்டையாக உட்கார்ந்திருந்தது. சூலம் வெறுமையாக நின்றது. பக்கத்தில் நீலச் சீருடையில் தினேஸ்வரி. அப்பாவைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

அவர் தன்னையறியாமல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கைகூப்பினார். பின்னால் வந்த சீனக் குடும்பம் செருப்பைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, இதுதான் இங்கே முறைபோல என்று தங்கள் சப்பாத்தையும் கழற்றியது. அவர்களைப் பார்த்து இன்னொரு கூட்டமும் கழற்றியது. கொஞ்ச நேரத்தில் வாசல் கோயில் வாசலாகிவிட்டது.

கார்த்திகேசு எதையும் கவனிக்கவில்லை. பழத்தை எடுத்துக்கொண்டு, முனியைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினார்.

“என்சிக், ஜாங்ஙான் செந்து!”

ஐயா, தொடாதீர்கள் என்று மலாயில் சொன்னது அவர் மகள். பெற்ற அப்பனை யாரோ ஓர் ஐயாவாக்கிவிட்டாள். அவள் கண் மேலே போய்த் திரும்பியது. அங்கே கேமரா இருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அதற்குள் வாசலில் கிடந்த சப்பாத்துகளைத் தாண்டி மேற்பார்வையாளர் அம்மா உள்ளே வந்துவிட்டார். யார் கழற்றச் சொன்னது என்று கேட்டார். கார்த்திகேசு கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். பிறகு தினேஸ்வரியிடம் திரும்பி, “இவர் உனக்குத் தெரிந்தவரா?” என்றார் மலாயில்.

அவள் உதடு பிரிந்தது. ஆமாம் என்றால் வேலை போய்விடும். அவள் சொல்லிவிடப் போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. முனிக்கு எதிரே நின்றுகொண்டு கார்த்திகேசு வாழ்க்கையிலேயே பெரிய பொய்யைச் சொன்னார்.

“இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியாதுங்க. நான் தெரியாத்தனமா செஞ்சுட்டேன். இந்தப் பிள்ளதான் தடுத்துருச்சு.”

தட்டுத் தடுமாறி அதையே மலாயிலும் சொன்னார். மேற்பார்வையாளர் அவரை வாசல்வரை கூட்டிப் போனார். குவியலில் தன் செருப்பைத் தேடி மாட்டும்போதுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார்.

பஸ் நிலையத்தில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தார். பழத்தையும் வைக்கவில்லை, சாமி முன்னால் பெற்ற பிள்ளையையே இல்லை என்றும் சொல்லியாயிற்று. இனி அவளுக்கு என்ன ஆகுமோ. சாயங்காலம் போன் அடித்தபோது எடுக்கவே பயந்தார்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“வேலை?”

“இருக்குப்பா. நல்லா தடுத்தேன்னு சொன்னாங்க.” அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “என்னையத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே.”

“பயந்துட்டேம்மா. நீ அது முன்னால சப்பாத்தோட...”

“யாரு சப்பாத்து போட்டா? அதை பெஞ்சுக்கு அடியில தள்ளி விட்டுட்டுத்தான் நிப்பேன். சிலுவார் காலு நீளம், பாதத்த மறைச்சிரும், யாருக்கும் தெரியாது. முத நாள்லருந்தே அப்படித்தான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எனக்கும் பயமாத்தாம்பா இருக்கு. ஒங்ககிட்ட சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னு சொல்லல.”

கார்த்திகேசு பையிலிருந்த பழங்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தான் வளர்த்த பிள்ளை வேறெப்படி இருப்பாள்.

“அந்தத் தரை சில்லுன்னு இருக்குமே” என்றார். “அதான் ஒனக்குக் காய்ச்சல்.”

“ம்.”

“காலுக்குத் தடியா ரெண்டு சோடி ஸ்தோக்கின் வாங்கி பஸ்ல குடுத்து விடுறேன். போட்டுக்க.”