அப்பாவின் டெஸ்டரும் தங்கையின் கைப்பட்டையும்

அப்பா முப்பது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறார். வாங்கிய ஷாக்குகளை எண்ணப் பத்து விரல் போதாது. அதனாலேயே, உடம்பில் மின்சாரம் படக்கூடாது என்பதில் அவர் கறார்.

தங்கைக்குப் பதினைந்து வயது. ஒற்றைத் தலைவலியால் இந்தப் பருவத்தில் பதினொரு நாள் பள்ளி போய்விட்டது. இன்னும் நான்கு நாள் போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். மாத்திரை போட்டால் வகுப்பிலேயே தூங்கி விழுந்தாள். மருத்துவமனையில், மேல்கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை இரண்டு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். வலி தொடங்கியதுமே கட்டி, கைபேசியில் அளவை ஏற்றி, முக்கால் மணி நேரம் வைத்திருக்க வேண்டும். கையில் படும் மெல்லிய மின்துடிப்பை உணர்ந்து, மூளை தலைவலியையும் சேர்த்து அடக்கப் பார்க்குமாம். நர்ஸ் அப்படித்தான் சொன்னார்.

"தலைவலிக்குக் கையில கரண்டா? லைட் எரியலன்னா ஃபேனைக் கழட்டுற கதையா இருக்கே!" என்றார் அப்பா.

பட்டை அலமாரிக்குள் போயிற்று. அடுத்த வாரமே ஒரு தலைவலி வந்து, பன்னிரண்டாவது நாளும் போயிற்று.

திருப்பித் தர இரண்டு நாள் இருக்கையில், சனிக்கிழமை மதியம், தங்கையின் கண்ணோரம் மினுமினுத்தது. வலிக்கு முன்னால் வரும் அறிகுறி. அவளே பட்டையை எடுத்து வந்தாள்.

"இரு, நான் பாத்துடறேன்." அப்பா சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை அதன்மேல் வைத்தார். விளக்கு எரியவில்லை. "செத்த சாமான்."

"அது வீட்டு கரண்டுக்குத்தானேப்பா எரியும்?"

"தெரியும். கை பழக்கம்." வேறு வழியில்லாமல் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். "ஏத்து."

தங்கை ஏற்றினாள். பத்தில் ஒன்றுமில்லை. இருபத்தைந்தில் எறும்பு ஊர்ந்தது. நாற்பதில் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். "குறை! குறைடி!"

"ஊருக்கே கரண்ட் குடுக்கிற மனுஷன்!" என்றாள் அம்மா, வாசற்படியில் சிரித்துக்கொண்டே.

"அப்பா, எனக்கு ஆரம்பிச்சிடுச்சு."

அப்பாவின் முகம் மாறியது. அவசரமாகக் கழற்றி, அவள் கையைத் துடைத்து, தானே கட்டிவிட்டார். "வலிக்கக் கூடாது. வலிச்சா உடனே சொல்லணும்." திரையை இழுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் அளவை இருபத்தெட்டில் நிறுத்தினாள். அவர் கைபேசியின் நேரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

முக்கால் மணி முடிந்தது.

"போயிடுச்சா?"

"முழுசா போகலப்பா. ஆனா திரையைத் திறக்கலாம்."

திறந்தார். அவள் கண்ணை மூடவில்லை. சற்று நேரத்தில், "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றாள். வலி வந்த நாட்களில் அவள் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனைப் படிவத்தை அப்பாவே நிரப்பினார். 'குறிப்பு' என்ற இடத்தில், வேலை முடித்த வீட்டுக்கு எழுதித் தருவதுபோல எழுதினார்: "வலி பாதி குறைந்தது. பசி எடுத்தது. பட்டை மூன்று மாதத்துக்கு வேண்டும். பள்ளியில் கைபேசி வைத்துக்கொள்ள டாக்டர் ஒரு கடிதம் தரவும்."