அக்கா புடவையும் அப்பா வேட்டியும்

அக்கா நிச்சயதார்த்தத்தை ரெண்டு டிஜிட்டல் கேமராவில் எடுத்தோம். ஒன்று என்னுடையது, இன்னொன்று நண்பன் அன்வருடையது. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த அரக்குப் புடவை என் கேமராவில் அரக்காகவே இருந்தது. அவன் கேமராவில் ஆரஞ்சு.

படங்களைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா இன்று காலை கடலூரிலிருந்து போன் செய்தார்.

"நாங்க குடுத்த புடவைய பாதியிலயே மாத்திட்டியாம்மா?"

அக்கா முகம் வாடிவிட்டது. "மாமியாரோட மொத சண்டையே உங்க போட்டோவாலதான்டா!"

விடுவேனா? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆரஞ்சை அரக்காக்கினேன். புடவை பொருந்திவிட்டது. பக்கத்தில் நின்ற அப்பாவின் வெள்ளை வேட்டி ரோஸ் ஆகிவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஏன்டா, நான் நிச்சயத்துக்கு வந்தனா, ஹோலி ஆடப் போனனா?"

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அன்வர் படத்தில் வேட்டியும் மஞ்சளடித்திருந்தது அப்போதுதான் உறைத்தது. இந்த முறை புடவையைக் கண்டுகொள்ளவே இல்லை. ரெண்டு கேமரா படத்திலும் அப்பாவின் வேட்டி ஒரே வெள்ளையாகும் வரை நிறத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். நடுவில் ரெண்டு முறை கரண்டுதான் எழுந்து போனது, நான் போகவில்லை. வேட்டி வெளுத்ததும் புடவை தானாக அரக்குக்கு வந்து சேர்ந்தது!

சாயங்காலம் படங்களை மெயிலில் அனுப்பினேன். கடலூர் அத்தை உடனே கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நம்ம புடவையேதாம்மா, நான்தான் தப்பா நெனச்சுட்டேன். அது சரி, ஒங்கப்பா வேட்டிக்கு என்ன சோப்பு போடுறீங்க?"

அக்கா என்னையே பார்க்கிறாள். யாராவது சீக்கிரம் ஒரு சோப்புப் பெயர் சொல்லுங்கள், அத்தை லைனில் இருக்கிறார்.